பாதையும் பாலமும்: திருகோணமலையிலிருந்து வெருகல் வரை

முதல் நாள்

கொழும்பில் இரவு ரயிலேறி விடியத் திருகோணமலையில் இறங்கினோம். அப்பா வழியெல்லாம் கண் மூடவில்லை. கல்ஓயாச் சந்தியில் ரயில் நின்றபோது விழித்துப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியாத யன்னலைப் பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு 74 வயது. 1990-ல் ஊரை விட்டு வந்த பிறகு கோணேசர் கோயிலுக்கு இரண்டு தடவை வந்துபோயிருக்கிறார். ஆனால் கொட்டியாரக் குடாவின் அந்தப் பக்கம், அவர் ஏழு வருடம் படிப்பித்த மூதூருக்கு, ஒருமுறைகூடப் போகவில்லை.

இது பாலம் பார்க்க வந்த பயணம். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் நடந்தால் வாய்க்கால் பாலம் வரும். காலி வீதி வாகனங்கள் எல்லாம் அதன்மேல்தான் போகின்றன. அதைப் பாலம் என்று நினைத்து யாரும் கடப்பதில்லை, நானும்தான். போன மாதம் மருந்து வாங்கிக்கொண்டு அதைக் கடக்கும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "எங்கட பக்கம் இப்ப பாதையே இல்லையாம் மகள். எல்லா இடத்திலயும் பாலமாம்" என்றார். அன்று இரவே டிக்கெட் போட்டேன்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கிழக்கில் பாதை என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் இருக்கிறது. பலகைத் தளம், அடியில் அதைத் தாங்கும் மிதவைகள், இரண்டு நுனியிலும் ஏற்றி இறக்க இரும்புத் தட்டு. ஆட்களையும் வண்டி வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையோ களப்பையோ கடக்கிற அந்த மிதவைக்குப் பெயர்தான் பாதை. 'பாதை வந்திட்டுதா?', 'பாதை போயிட்டுதா?' என்று கேட்பார்கள். சின்ன வயதில் அப்பா சொல்லும் கதைகளில் பாதை வருவதும் போவதும் எனக்குப் பெரிய அதிசயமாக இருக்கும். தெரு எப்படி வரும், எப்படிப் போகும்?

அப்பா 1977 முதல் 1984 வரை மூதூரில் கணக்கு வாத்தியார். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் வீட்டுக்கு, திருகோணமலைக்கு, வரவேண்டும். அதற்கு இரண்டு வழி. ஒன்று லாஞ்ச், குடாவை நேரே குறுக்கறுத்து வரும். கடல் கொந்தளித்தால் அது ஓடாது. மற்றது தரைவழி. அதில் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று நான்கு துறை, நான்கு பாதை. ஒவ்வொன்றிலும் பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, ஏறி, இறங்கி, மறுபடி நடந்து பஸ் பிடிக்க வேண்டும். இந்த நான்கு பெயரையும் அப்பா எப்போதும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

பின்னேரம் கோணேசர் கோயிலுக்குப் போனோம். கோட்டைக்குள் மான்கள் வழக்கம்போல ஆட்களுக்குப் பயமில்லாமல் நின்றன. சுவாமி மலையில் கும்பிட்டுவிட்டு அப்பா தெற்குப் பக்கம் போய் நின்றார். குடாவின் அந்தக் கரை மங்கலான கோடாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிறைய நேரம் நின்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள்

இன்று கிண்ணியா மட்டும். அப்பா மெதுவாகத்தான் போகவேண்டும் என்றார். "அப்பவும் ஒரு நாளில நாலையும் தாண்டினது கஷ்டப்பட்டுத்தானே."

ஓட்டோ சீனக்குடாவைத் தாண்டி, மா ஆலையின் உயரமான கட்டடம் பின்னால் போக, வெட்டவெளிக்கு வந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொண்டோம், நடந்து கடப்பதற்காக. நீளம் 396 மீட்டர். 2009 அக்டோபரில், போர் முடிந்து சில மாதங்களில், சவூதி அரேபியாவின் நிதியுதவியோடு கட்டித் திறந்தார்கள். திறந்தபோது இலங்கையிலேயே நீளமான பாலம் இதுதான். இந்த எண்ணெல்லாம் எனக்கு முன்பே தெரியும். நடந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு தண்ணீர் என்று விளங்கியது. இடது கைப்பக்கம் கொட்டியாரக் குடா கடலோடு விரிகிறது. வலது கைப்பக்கம் தம்பலகாமக் குடா, உள்ளுக்குள் ஒதுங்கி ஏரிபோலக் கிடக்கிறது. இரண்டு நீரும் மாறிப் போகிற வாயின் மேல்தான் பாலம் நிற்கிறது. கீழே நீரோட்டம் தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தாலே தெரியும், பாரம் ஏற்றிய பாதை இதில் என்ன பாடு பட்டிருக்கும் என்று.

பாலத்தில் இடைக்கிடை குறுக்கே ஒரு இரும்புப் பல் வரிசை வரும். வெயிலில் கொங்கிரீட் நீளும், இரவில் சுருங்கும், அதற்காக விட்ட இடைவெளி அது. பஸ் அதன்மேல் ஏறும்போது முன் சில்லு ஒரு டக், பின் சில்லு ஒரு டக். கைப்பிடியில் கை வைத்திருந்தால் அந்த அதிர்வு உள்ளங்கைக்கு வருகிறது. அப்பா ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கையை எடுக்காமல் நின்றார். அவருக்கு அது பிடித்திருந்தது.

நடுவில் இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வாளிக்குள் நாலு ஓரா மீன். முள்ளுக் குத்தினால் கடுக்கும் என்று எனக்குப் புத்திமதி சொன்னான் சின்னவன். பாலம் வந்த வருடம் அவன் பிறந்திருக்கவே மாட்டான். பாதை என்றால் என்ன தெரியுமா என்று அப்பா கேட்டதற்கு "ரோட்டா?" என்றான். அப்பா அவன் தலையைத் தடவிவிட்டு நடந்தார்.

அந்தக் கரையில் ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்தோம். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். அப்பா பழைய கதை எடுத்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து எதிரே உட்கார்ந்துவிட்டார். அவருடைய வாப்பா கிண்ணியாப் பாதையில் வேலை செய்தவராம். கிண்ணியாவில் இருந்தது பெரிய பாதை, இயந்திரப் படகு இழுத்துப் போகும். உள்ளே இருந்தவை சின்னவை, கயிற்றைப் பிடித்துக் கையால் இழுப்பவை. "வாப்பாட கை எப்பவும் டீசல் மணக்கும் சேர். சோறு தீத்தினாலும் டீசல்தான்" என்று சொல்லிச் சிரித்தார். பாதை ஓடாத இரவுகளில் நோயாளியைக் கொண்டு வருபவர்கள் கரையில் நின்று கத்துவார்களாம். வாப்பா எழும்பித் தோணியை எடுத்துக்கொண்டு போவாராம். அது சம்பளத்துக்குள் வராத வேலை.

2004 டிசம்பர் 26-ஆம் திகதியும் பேச்சில் வந்தது. அன்று கடல் ஏறியபோது கிண்ணியாவில் வைத்தியசாலையும் தப்பவில்லை. அப்போது பாலமும் இல்லை. அதற்குமேல் அவர் அதைப் பற்றிக் கதைக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்புறம் அவரே குறிஞ்சாக்கேணியைச் சொன்னார். கிண்ணியாவிலேயே உள்ள இடம். அங்கே புதிய பாலம் கட்டுவதற்காகப் பழையதை எடுத்துவிட்டார்கள். வேலை முடியும் வரைக்கும் சனங்கள் கடக்க ஒரு மிதவை ஓடிக்கொண்டிருந்தது. 2021 நவம்பர் 23-ஆம் திகதி காலை, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் அது கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையின் நீளமான பாலத்தைக் கட்டித் திறந்து பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, அதே ஊரில். "பெரிய பாலத்தில படம் எடுக்க எல்லாரும் வாறாங்க சேர், சின்னப் பாலம் யாருட கண்ணிலயும் படல்ல" என்றார் கடைக்காரர். ஒரு ஊருக்குப் பெரிய வீதியின் பாலம் எவ்வளவு வேண்டுமோ, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பாலமும் அவ்வளவு வேண்டும். இரண்டாவதற்குத் திறப்புவிழாக் கூட்டம் சேராது. அதனாலேயே அது பிந்திப்போகிறது என்று நினைக்கிறேன். நினைக்க நினைக்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போது எழுதும்போதும் அது போகவில்லை.

தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். "மூதூர்ல படிப்பிச்ச சேரிட்ட காசா?"

மூன்றாம் நாள்

கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகும் ஏ-15 வீதியில் உப்பாறு, கங்கை, இறால்குழி மூன்றும் அடுத்தடுத்து வரும். பெயரைக் கேட்டாலே நீரின் குணம் தெரியும். உப்பாறு, கடல் ஏறி வந்து உப்புக் கரிக்கும் தண்ணீர். இறால்குழி, பெயரிலேயே இறால். நடுவில் உள்ள கங்கை மகாவலி. மலைநாட்டில் தொடங்கி 335 கிலோமீட்டர் ஓடி, இந்த நாட்டின் நீளமான ஆறு கடலைச் சேரும் இடம் இது. சேரும் முன் கை கையாகப் பிரிந்துவிடுகிறது. அதனால்தான் சிறு தூரத்துக்குள் இத்தனை துறைகள். மூன்றுக்கும் பாலம் 2011-ல் பிரான்சின் உதவியோடு வந்தது.

உப்பாற்றில் நிற்கவில்லை. கங்கையில் அப்பா ஓட்டோவை நிறுத்தச் சொன்னார்.

பாலத்தின் நடுவுக்குப் போவார் என்று நினைத்தேன். அவர் பாலத்தைக் கடந்து, மூதூர்ப் பக்கக் கரையில், பக்கவாட்டில் கீழே இறங்கினார். அங்கே பழைய தார் வீதியின் மிச்சம் இருக்கிறது. புல் மூடி, வெடித்து, சரிந்து, அப்படியே தண்ணீருக்குள் இறங்குகிறது. கடைசித் துண்டு தண்ணீருக்கு அடியில் கருப்பாகத் தெரிந்தது. அதன்மேல் சின்ன மீன்கள் மேய்ந்தன. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் விளிம்பில் நின்றார்.

"இதிலதான் நிண்டனான்" என்றார்.

பிறகு சொன்னார். இத்தனை வருடமும் எனக்குச் சொல்லாத கதை. அம்மாவுக்குத் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன்.

1982 மார்கழி. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்துக்குத் தந்தி வந்தது, அப்பப்பா போய்விட்டார் என்று. அப்பா மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். வெள்ளி விடியற்காலை இறங்குதுறைக்கு ஓடினார். கடல் கொந்தளிப்பு, லாஞ்ச் ஓடாது. கூடப் படிப்பித்த ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு மழைக்குள் இறால்குழி வந்தார். அங்கே பாதைக்காரர்கள் விஷயத்தைக் கேட்டதும் இவர் ஒருவருக்காகவே இழுத்து விட்டார்கள். கங்கைக்கு வந்தபோது காலை ஏழு மணி. ஆறு கரை முட்டப் போய்க்கொண்டிருந்தது. பாதை அக்கரையில், வழக்கமான கயிற்றுக்கு மேல் இன்னும் இரண்டு கயிறு போட்டுக் கட்டிக் கிடந்தது.

"வெள்ளம் முழு மரத்தை அப்படியே கொண்டு போகுது மகள். ஒரு மாட்டையும் கண்டன். அந்த நேரம் பாதையை அவிழ்க்கச் சொல்லிக் கேட்கிறது பாவம்" என்றார். விக்டோரியா, கொத்மலை அணைகள் 1985-ல்தான் முடிந்தன. அப்போது மலையில் பெய்தது எல்லாம் நேரே இறங்கி வரும்.

ஏழு மணி முதல் மூன்று மணி வரை அந்தத் தார்த் துண்டில் நின்றிருக்கிறார். பையில் ஒரு வேட்டி. கரையில் அவித்த மரவள்ளி விற்கும் ஒரு முஸ்லிம் அம்மா இருந்தாராம். செத்த வீட்டுக்குப் போகிறவர் என்று தெரிந்ததும் ஒரு துண்டை வாழையிலையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். துடக்கு நேரத்தில் சாப்பிடலாமா கூடாதா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "தின்னுங்க மனே. நெருப்பு வைக்கிற கைக்கும் பலம் வேணும்" என்றாராம் அந்த அம்மா. அப்பா தின்றார். மழையில் நனைந்த மரவள்ளி, உப்பு, கொஞ்சம் தேங்காய்ப்பூ. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது என்றார்.

மூன்று மணிக்கு மழை விட்டு, வேகம் சற்றுக் குறைந்ததும் ஆறு பேர் சேர்ந்து பாதையை இழுத்துக் கொண்டுவந்தார்கள். கயிறு பிடித்தவர்களில் ஒருவரின் உள்ளங்கை பிளந்து இரத்தம் வந்ததை அப்பா பார்த்திருக்கிறார். வீட்டுக்குப் போய்ச் சேர இரவு ஏழு. மழை நாளில் பிணத்தை அதற்குமேல் வைத்திருக்க முடியாது என்று பெரியவர்கள் தீர்மானித்து, மத்தியானமே எடுத்துவிட்டார்கள். கொள்ளி வைத்தது சித்தப்பா. அப்பா கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து வெறும் தரையில் படுத்தாராம். அடுத்த நாள் காடாற்று மட்டும் அவர் கையால் செய்தார்.

சொல்லி முடித்து, குனிந்து, இரண்டு கையாலும் கங்கைத் தண்ணீரை அள்ளி மூன்று தடவை விட்டார். மந்திரம் ஒன்றும் சொல்லவில்லை, உதடு மட்டும் அசைந்தது. நானும் பக்கத்தில் இறங்கி அள்ளி விட்டேன். மேலே பாலத்தில் ஒரு லொறி போனது.

பாலத்தைப் பார்த்து அவர் கோபப்படுவார், இது அப்போதே வந்திருக்கக்கூடாதா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. நான்தான் மனதுக்குள் கேட்டேன். மலைக்குள்ளே ஆற்றை மறிக்கப் பெரிய பெரிய அணைகள் எழும்பிய அதே காலத்தில், அந்த ஆறு கடலில் விழும் இடத்தில் மனிதர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த போர் இருபத்தாறு வருடத்தைத் தின்றது. 2006-ல் மூதூர்ச் சனங்கள் ஊரோடு ஓடவேண்டி வந்தது.

மூதூரில் அப்பா படிப்பித்த பள்ளிக்கூட வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு நினைவுக்கல்லுக்குப் போனோம். 1660-ல், புயலில் பாய்மரம் முறிந்த ஆங்கிலேயக் கப்பல் ஒன்று கொட்டியாரக் குடாவுக்குப் பழுது பார்க்க வந்தது. அதில் வந்த றொபர்ட் நொக்ஸை ஒரு புளியமரத்தடியில் வைத்துக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்ததாகச் சொல்கிறார்கள். 19 வருடம் சிறை இருந்தார். 1893-ல் அந்தக் கல்லை நட்டிருக்கிறார்கள். அப்பா ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்பை இங்கே கூட்டி வருவாராம்.

திரும்பும்போது இரண்டு சட்டி எருமைத் தயிர் வாங்கினோம். வாயில் ஓலை மூடிக் கட்டிக் கொடுத்தார்கள். மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

நான்காம் நாள்

காலை மட்டக்களப்பு பஸ்ஸில் வெருகல். முன்பெல்லாம் திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஹபரணை, பொலன்னறுவை என்று சுற்றித்தான் பஸ் போகும். இப்போது கரையோரமாக நேரே போகிறது.

வெருகலாறும் மகாவலியின் ஒரு கைதான். ஆற்றங்கரையில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து போகும் அடியார்கள் இங்கே தங்கிப் போவார்கள். நாங்கள் போனது திருவிழாக் காலம் இல்லை. ஐயர், ஒரு குடும்பம், மரநிழலில் படுத்திருந்த நாய் இரண்டு, அவ்வளவுதான். அப்பப்பா பெயருக்கு அர்ச்சனை செய்தோம். ஐயர் நட்சத்திரம் கேட்டபோது அப்பா யோசிக்காமல் சொன்னார். அது எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது, குறித்துக்கொண்டேன்.

இங்கேயும் இப்போது பாலம்தான். அப்பா அதை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவே. ஆற்றில் இறங்கி முழுகினார். கரையில் துவாயோடு நின்ற என்னிடம் "தண்ணி குளிர் மகள், நல்ல குளிர்" என்று சின்னப் பிள்ளைபோலச் சொன்னார்.

மத்தியானம் ஒரு கடையில் சோறும் இறால் குழம்பும். அப்புறம் திரும்பும் பஸ். சனம் குறைவு, யன்னலோரம் இடம் கிடைத்தது. மூதூர் தாண்டியதும் அப்பாவின் தலை என் தோளில் சாய்ந்தது. இறால்குழியில் எழுப்பலாமா என்று யோசித்தேன். கங்கையில் கையைத் தொடப்போய் எடுத்துக்கொண்டேன். உப்பாறும் போனது. கிண்ணியாப் பாலத்தில் அந்த டக், டக் வந்தபோதுகூட அவர் அசையவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீரில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சீனக்குடாவில் கடை வெளிச்சம் முகத்தில் பட்டுத்தான் கண்ணைத் திறந்தார்.

"கங்கை வந்திட்டுதா?" என்று கேட்டார்.